இரண்டாவது ஆர்டர்: வீட்டுப் பொடி வியாபாரத்தை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக வளர்ப்பது எப்படி?

கைப்பக்குவம் உள்ள பெண்கள் சொந்தத் தொழில் என்று யோசித்தால் முதலில் மனசுக்கு வருவது இட்லிப் பொடி, பருப்புப் பொடி, தொக்கு, ஊறுகாய்தான். முதலீடு குறைவு, அடுப்பும் வாணலியும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆரம்பித்த உடனே அக்கம்பக்கத்தினரும் சொந்தக்காரர்களும் வாங்கிவிடுவார்கள். அது தொழில் இல்லை, பிரியம். அவர்களில் எத்தனை பேர் டப்பா காலியானதும் தாங்களாகவே போன் எடுத்து மறுபடி கேட்கிறார்கள் என்பதில்தான் தொழில் தொடங்குகிறது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது ஆர்டரை வரவழைக்கிற வேலைகள். இட்லிப் பொடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆரி வேலை, சோப்பு, மெழுகுவர்த்தி என்று எதைச் செய்தாலும் கணக்கும் தொடர்பும் பெரும்பாலும் இதே மாதிரிதான்.

கூலியைச் சேர்த்து விலை போடுங்கள்

போஸ்ட் போடுவதற்கு முன்னால் நோட்டை எடுங்கள். இது ஒரு தடவை வறுப்புக்கான மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

உளுந்து 2.5 கிலோ 350 ரூபாய், கடலைப் பருப்பு 1.25 கிலோ 125, காம்பு கிள்ளிய வரமிளகாய் அரை கிலோ 120, எள் அரை கிலோ 120, பெருங்காயம் 50 கிராம் 75, கல்லுப்பு கால் கிலோ 5, கறிவேப்பிலை 25. மொத்தம் 820 ரூபாய். மில் கூலி 100, கேஸ் 60 சேர்த்தால் 980. போட்ட எடை ஐந்து கிலோவைத் தாண்டும். ஆனால் வறுக்கும்போது ஈரம் போகும், மில்லிலும் கொஞ்சம் தங்கிவிடும். 4.75 கிலோ கையில் வரும் என்று வைத்துக்கொண்டால் 250 கிராம் பாக்கெட் 19. ஜிப் கவரும் ஸ்டிக்கரும் பாக்கெட்டுக்கு 12 ரூபாய் என்றால் 228. ஆக 1,208 ரூபாய், பாக்கெட்டுக்குச் சுமார் 64.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 80 ரூபாய்க்கு விற்றால் 16 ரூபாய் லாபம் என்று நினைக்கிறார்கள். ஆய்ந்து, வறுத்து, ஆறவைத்து, மில்லுக்குப் போய் வந்து, பாக்கெட் போட்டதற்கு நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. மணிக்கு 80 ரூபாய் வைத்தாலும் 320. அதை 19-ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 17. அந்த 16 ரூபாய் உங்கள் கூலிக்கே போதவில்லை, தொழிலுக்கு ஒரு பைசாவும் மிஞ்சவில்லை. ஆறு மாதம் கழித்து “நல்லாத்தான் போகுது, ஆனா கையில காசு நிக்கல” என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கூலியையும் சாம்பிள், சேதாரத்துக்கு நான்கு ரூபாயையும் சேர்த்தால் அடக்கம் 85. கடைக்காரர் எம்ஆர்பி-யில் 20 முதல் 25 சதவீதம் கேட்பார். எம்ஆர்பி 140 வைத்தால் 25 சதவீதம் கொடுத்தபின் உங்களுக்கு 105, மிச்சம் 20. நேரடியாக விற்றால் 55. இன்றைக்குக் கடையில் போடாவிட்டாலும் கடைக்குரிய இடத்தை விட்டே விலை வையுங்கள். பிறகு ஏற்றினால், முதலில் வாங்கியவர்களுக்கு ஏமாந்த மாதிரி இருக்கும்.

பொடி கட்டி தட்டுவதும் காறுவதும்

புகார்களில் முக்கால்வாசி ஈரத்தால் வருவது. வறுத்த பருப்பை ஆறவைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். மில்லிலிருந்து வரும் மாவும் சூடாக இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டோடு கவரில் போட்டு சீல் வைத்தால் உள்ளே வியர்த்து, பத்து நாளில் கட்டி தட்டும். அகலமான தட்டில் பரப்பி, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் பாக்கெட். கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை வறுபட வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

சீல் பிரிந்துபோவதற்கு மெஷினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கவரின் வாய்ப்பகுதியில் ஒட்டிய பொடித் தூசுதான் காரணம். வாய் அகலமான புனல் வைத்துப் போடுங்கள், சீல் வைக்குமுன் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் மல்லியோ மஞ்சளோ அரைத்திருந்தால் அந்த வாசனை இட்லிப் பொடியில் ஏறும். காலையில் முதல் ஆளாகப் போங்கள். முடியாவிட்டால் இரண்டு கைப்பிடி அரிசியை ஓடவிட்டு அதை ஒதுக்கிவிட்டு அரையுங்கள்.

எள்ளில் எண்ணெய் அதிகம், முதலில் காறுவது அதுதான். எத்தனை நாள் தாங்கும் என்பதை உத்தேசமாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வறுப்பிலும் மூன்று பாக்கெட்டை எடுத்துவைத்து 30, 60, 90-ஆம் நாள் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து, சாப்பிட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கச் சூட்டிலேயே வையுங்கள், வாங்குகிறவர் வீட்டிலும் அங்கேதான் இருக்கப்போகிறது. 90-ஆம் நாள் காறல் தெரிந்தால் கவரில் 60 நாள் என்று போடுங்கள். கடைகளுக்குப் போகும் கட்டத்தில் ஆய்வகச் சோதனை அவசியம். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தில் உணவுப் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி தருகிறார்கள்.

காகித வேலை

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு அளவில் செய்பவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் ஆதாரும் புகைப்படமும் கொடுத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க அவசியமே இல்லை. கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிட வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். வங்கிக் கடன், மானியம் எது கேட்டாலும் இந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஸ்டிக்கரில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் (அதிக எடையில் தொடங்கிக் குறைந்த எடை வரை), நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட எம்ஆர்பி, ஒரு கிராமின் விலை (140 ரூபாய், 250 கிராம் என்றால் 56 காசு), தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், முகவரி, புகார் சொல்ல போன் எண், பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் உங்கள் ஸ்டிக்கரிலும் கோதுமை என்று எழுத வேண்டும், அது ஒவ்வாத குழந்தைகள் இருக்கிறார்கள். “சர்க்கரை நோய் குறையும்”, “முட்டி வலி போகும்” என்று எழுதவே எழுதாதீர்கள். அது சட்டப்படி தப்பு, படிக்கிறவரை ஏமாற்றுவதும் கூட.

தராசு அரசு முத்திரை போட்டதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்து விற்பது செல்லாது. பொட்டலம் போட்டு விற்பவர்கள் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பொட்டலமிடுபவராகவும் (packer) பதிவுசெய்ய வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிற இடம் ஜிஎஸ்டி. ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கும்வரைதான். வரி உள்ள பொருளைப் பெங்களூருக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாலும் பதிவு வேண்டும். “இந்தியா முழுக்க அனுப்புகிறோம்” என்று பயோவில் (பக்கத்தின் அறிமுக வரிகளில்) எழுதுவதற்கு முன் ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அவர் போனில் உங்கள் எண் இருக்கிறதா?

தொழிலுக்குத் தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். சொந்த எண்ணைக் கொடுத்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் அழைப்பு வரும், குடும்பப் புகைப்படமும் ஊருக்கே தெரியும்.

பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரே தடவையில் 256 பேருக்கு அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் எண் சேமித்திருக்க வேண்டும். 200 எண்களைத் திரட்டிவைத்து “யாருமே பதில் சொல்லல” என்று மனம் விட்டுப்போகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். செய்தி போகவே இல்லை.

அதனால் முதல் பார்சலிலேயே எண்ணைச் சேமிக்க வைக்க வேண்டும். பணம் வந்ததும் இப்படி அனுப்புங்கள்: “பணம் வந்துருச்சு அக்கா, நன்றி. இந்த நம்பரை இட்லிப் பொடின்னு சேவ் பண்ணிக்கோங்க. பார்சல் நம்பர் நாளைக்கு இதுலதான் அனுப்புவேன்.” பார்சல் எண்ணுக்காகக் காத்திருக்கிறவர் கட்டாயம் சேமிப்பார். கடை பெயரைவிடப் பொருளின் பெயரில் சேமிக்கச் சொல்வது நல்லது. மூன்று மாதம் கழித்து அவர் போனில் தேடப்போவது “பொடி” என்றுதான்.

வாட்ஸ்அப் பிசினஸில் வாடிக்கையாளர்களைப் பிரித்துவைக்கிற லேபிள் வசதியில் நான்கு போதும்: விலை கேட்டவர், பணம் வரணும், அனுப்பணும், மறுபடி கேட்கணும். நான்காவதுதான் தொழிலின் உயிர். நான்கு பேர் உள்ள வீட்டில் கால் கிலோ பொடி மூன்று வாரம், ஒரு மாதம் வரும். பார்சல் சேர்ந்த ஐந்தாம் நாள், “காரம் சரியா இருந்துதா அக்கா?” என்று மட்டும் கேளுங்கள். அந்தச் செய்தியில் எதையும் விற்காதீர்கள். இருபத்திரண்டாம் நாள், “செவ்வாய்க்கிழமை வறுக்கிறேன், உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கவா?” அவ்வளவுதான். மூன்றாவது தடவை துரத்த வேண்டாம்.

விலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்காமல் குயிக் ரிப்ளையில் போட்டுவையுங்கள்: “வணக்கம்ங்க. இட்லிப் பொடி 250 கிராம் 140 ரூபாய். வறுப்பது செவ்வாய், கொரியர் புதன். எத்தனை பாக்கெட் எடுத்து வைக்கட்டும்?” கடைசியில் கேள்வி இருக்க வேண்டும். விலையோடு நிறுத்தினால் எதிர்முனையில் “சரி” என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆட்களைப் பிடிப்பது

தொடர்பு என்றால் கூட்டத்துக்குப் போய் கார்டு கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்களை ஏற்கெனவே தினமும் பார்க்கிற இன்னொரு பெண் யார் என்று யோசியுங்கள். தையல் கடைக்காரர், பியூட்டி பார்லர் நடத்துபவர், டியூஷன் டீச்சர், ஈர மாவு அரைத்து விற்கிற அக்கா. இதில் மாவு விற்கிற அக்காதான் தங்கம். இட்லி மாவு வாங்குகிறவர் எல்லோருக்கும் பொடி வேண்டும். அவரிடம் 30 கிராம் சாம்பிள் பாக்கெட் இருபது கொடுங்கள், ஒவ்வொன்றிலும் உங்கள் எண்ணும் வாட்ஸ்அப் கியூஆர் ஸ்டிக்கரும் இருக்கட்டும். அவர் வழியாக விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 20 ரூபாய் என்று பேசி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கை முடித்துவிடுங்கள். பணம் சரியாகப் போனால் அவரே உங்களுக்காகப் பேசுவார். ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் உங்கள் பாக்கெட் மாவு டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. அந்த வலை இன்றைக்குக் கிராமம் வரை இருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் தங்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் கண்காட்சி ஸ்டால், குழுப் பொருட்களுக்கான “மதி” பெயரில் விற்பனை பற்றிச் சொல்வார்கள். சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களின் கண்காட்சி நடக்கும். கடன் தேவைப்பட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கிறார்கள்.

ஸ்டால் போட்டால் அன்றைய விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நோட்டு வைத்து, ருசி பார்த்தவரிடம் “அடுத்த தடவை வறுக்கும்போது சொல்லட்டுமா?” என்று கேட்டுச் சம்மதித்தவர் எண்ணை மட்டும் எழுதுங்கள். மறுநாள் காலையிலேயே செய்தி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் விட்டால் யாரென்றே தெரியாமல் பிளாக் செய்துவிடுவார்கள். பொடியைக் கரண்டியில் நீட்டுவதைவிட, நல்லெண்ணெயில் குழைத்துச் சின்ன இட்லியில் தடவிக் கொடுங்கள். வெறும் பொடியில் உப்பும் காரமும் மட்டும்தான் நாக்குக்குத் தெரியும்.

அபார்ட்மெண்ட் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, ஃபேஸ்புக் பெண்கள் குழு எதுவானாலும் முதல் இரண்டு வாரம் விற்காதீர்கள். “பொடி கட்டியாகுது, என்ன பண்றது?” என்று யாராவது கேட்பார்கள். நன்றாகப் பதில் சொல்லுங்கள். விற்பனைக்கென்று நாள் ஒதுக்கியிருக்கும் குழுவில் அந்த நாளில் மட்டும் போடுங்கள், அட்மினிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

இன்ஸ்டாகிராம்

பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தும் மாதம் இருபது பாக்கெட் விற்காத பக்கங்கள் உண்டு. ஐந்நூறு பேரை வைத்து வாரம் நாற்பது விற்பவர்களும் உண்டு. இன்ஸ்டாகிராமின் வேலை புது முகத்தை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவருவது. பயோவில் ஊர், பொருள், எந்தக் கிழமை அனுப்புகிறீர்கள், வாட்ஸ்அப் லிங்க், இந்த நான்கும் போதும்.

வீடியோவுக்கு ஜன்னல் வெளிச்சம், காலை ஒன்பது முதல் பதினொன்று. ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் பொடி சாம்பல் நிறமாகத் தெரியும். சமையலறைப் போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், துடைத்துவிட்டு எடுங்கள். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். முதல் மூன்று வினாடியில் வாணலியில் எள் வெடிக்கிற சத்தம், அல்லது சூடான இட்லியில் பொடியும் எண்ணெயும் இறங்குகிற காட்சி. பெயர்ப் பலகையில் ஆரம்பித்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. வறுக்கும் சத்தமும் உங்கள் குரலும் இருந்தாலே போதும். உங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுங்கள், அதுதான் வீட்டுப் பொடி என்கிற நம்பிக்கையைத் தரும்.

விலையைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்றால் பாதிப் பேர் கூச்சத்தில் கேட்காமலே போவார்கள். வாரம் இரண்டு ரீல், தினமும் இரண்டு மூன்று ஸ்டேட்டஸ். அதற்கு மேல் நேரம் இருந்தால் பழைய வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புங்கள்.

வாரக் கணக்கும் பார்சலும்

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஆர்டரை மூடுங்கள். திங்கள் சாமான் வாங்குவது, செவ்வாய் வறுத்து அரைப்பது, புதன் பாக்கெட் போட்டு கொரியர். சனிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் குடோனில் கிடக்கும். முன்பணம் வந்த அளவுக்கு வறுத்தால் சரக்கு தேங்காது, முதலும் முடங்காது.

கொரியர் கட்டணம் எடைப் படியில் ஏறும். நான்கு கால் கிலோ பாக்கெட் ஒரு கிலோதானே என்று காம்போ போட்டால், கவர், அட்டைப் பெட்டி, டேப் சேர்ந்து 1,100 கிராம் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடும். மூன்று கால் கிலோவோடு ஒரு 100 கிராம் பாக்கெட் வையுங்கள். 850 கிராம் சரக்கு, பெட்டியோடு ஒரு கிலோவுக்குள் நிற்கும். அந்த 100 கிராமில் அவர் இதுவரை வாங்காத பொடியை வைத்தால் அடுத்த ஆர்டரில் அதுவும் சேரும். ஒரு பாக்கெட் மட்டும் கேட்கிறவருக்குக் கொரியர் கட்டணம் பொடி விலையில் பாதியைத் தொடும். பக்கத்துத் தெருவில் தொக்கு போடுகிறவரோடு சேர்ந்து ஒரே பெட்டியில் அனுப்பினால் இருவருக்கும் லாபம்.

பணமும் பாதுகாப்பும்

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து சரக்கு அனுப்பாதீர்கள், போலியாகச் செய்வது சுலபம். வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே பார்சல். “நூறு பாக்கெட் வேணும், ஒரு ரூபாய் அனுப்பிச் செக் பண்ணுங்க” என்றோ, பணம் வாங்க யூபிஐ பின் போடச் சொல்லியோ வந்தால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்துவது கஷ்டம். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுவிடுங்கள். ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கணக்கு போனால் இரண்டு வருட வாடிக்கையாளர் பட்டியலும் அதோடு போகும். மாதம் ஒரு தடவை பட்டியலை நோட்டில் எழுதிவையுங்கள்.

பொடியைப் பற்றிப் பேசாமல் புகைப்படத்தைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் வருவார்கள். பதில் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, பிளாக், ரிப்போர்ட்.

மறுபடி கேட்காதவர்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நோட்டில் 60 நாளாக வாங்காதவர்கள் பெயரை எடுங்கள். அதில் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பாமல் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போன் செய்யுங்கள். “ஆர்டருக்குக் கூப்பிடலக்கா, பொடியில ஏதாவது குறை இருந்துதான்னு கேக்கத்தான்.” பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும். “இன்னும் தீரல” என்றால் பாக்கெட் பெரிது, 100 கிராம் போடுங்கள். “காரம் ஜாஸ்தி, பசங்க தொடல” என்றால் மிளகாயைப் பாதியாக்கிக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒன்று வறுங்கள். “மறந்தே போச்சு” என்றால் உங்கள் எண் அவர் போனில் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சேமிக்கச் சொல்லிவிட்டு, வைத்ததும் ஒரு வணக்கம் அனுப்புங்கள்.